கண்டிகோட்டா: ஒரே பகலில் பார்த்துத் திரும்ப ஒரு வழி

கண்டிகோட்டாவுக்கு ஒரு நாள் போதுமா என்று கேட்டால், தாராளமாகப் போதும். ஆனால் அந்த ஒரு நாளில் எந்த நேரத்தில் பள்ளத்தாக்கைப் பார்க்கும் அந்தப் பாறை மேல் நிற்கிறீர்கள் என்பதைத் திட்டம் போட்டுக்கொண்டு கிளம்பவேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்கி, வியர்த்து விறுவிறுத்து மேலே ஏறி, நான்கு போட்டோ எடுத்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்" என்று முணுமுணுத்தபடி காருக்குத் திரும்பும் கூட்டத்தை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். அதே பாறையில் காலை ஆறரைக்கு வந்து உட்கார்ந்தவர்களைக் கிளப்பிக்கொண்டு போவதுதான் கஷ்டம். அதனால் இங்கே நான் சொல்லப்போவது பெரும்பாலும் நேரக் கணக்குதான்.

முதலில் இடம். ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகு ஊரிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி, எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு பெண்ணாறு போகிறது. அந்த அறுப்பின் தென்கரையில், பாறை விளிம்பை ஒட்டி ஒரு பழைய கோட்டை. கோட்டைக்குள்ளேயே சின்னதாக ஒரு ஊர், அதில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். இந்தப் பெண்ணாறு நம் தென்பெண்ணை இல்லை, வடபெண்ணை. இரண்டுமே கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறப்பவை. ஒன்று தெற்கே இறங்கிக் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என்று சுற்றிக் கடலூரில் கடலைச் சேர்கிறது, மற்றது வடக்கே ஏறி ராயலசீமாவின் வறண்ட பூமியில் அலைந்து திரிந்து நெல்லூர் தாண்டி வங்கக் கடலுக்கு வருகிறது.

இன்னொன்றையும் கிளம்பும் முன்பே மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். "இந்தியாவின் கிராண்ட் கேன்யன்" என்று எல்லா ரீல்ஸிலும் போடுகிறார்களே, அதை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். அமெரிக்காவில் இருப்பது ஒரு மைலுக்கு மேல் ஆழம், இங்கே சுமார் 300 அடி. கண்டிகோட்டாவின் அழகு வேறு வகை. எல்லாமே பக்கத்தில் இருக்கும். இரண்டு பக்கச் சுவர்களும், நடுவில் வளைந்து போகும் தண்ணீரும், அந்த வளைவு கண்ணுக்கு மறையும் இடமும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும். எதிர்ப் பாறையில் ஆள் நின்றால் கூப்பிட்டுப் பேசலாம் போல இருக்கும்.

எப்போது போகலாம்

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மார்ச் பாதிக்கு மேல் வேண்டாம். கடப்பா வெயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே இல்லை. நிழல் என்று ஒன்றும் இல்லாத பாறைப் பரப்பில் அந்தச் சூடு கீழிருந்தும் ஏறும். மழைக்குப் பிந்திய மாதங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: சுற்றிலும் குன்றுகள் பச்சையாக இருக்கும், அந்தச் சிவப்புப் பாறைக்கு அந்தப் பச்சை நன்றாக எடுபடும். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்பது மழையை மட்டும் பொறுத்ததில்லை. இதே ஆற்றில் கண்டிகோட்டா, மைலவரம் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் இருப்பதால், எங்கே எவ்வளவு தேக்கி வைத்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்யும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் யாராவது எடுத்துப் போட்ட படத்தைத் தேடிப் பார்த்துவிடுங்கள், போன வருஷப் படத்தை நம்பாதீர்கள்.

சனி, ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். நீண்ட விடுமுறை வாரங்களில் பெங்களூர், ஹைதராபாத், சென்னை மூன்றும் சேர்ந்து அங்கேதான் இருக்கும், கூடவே ப்ளூடூத் ஸ்பீக்கர்களும்.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 350 கிலோமீட்டர். திருப்பதி, ரேணிகுண்டா, கோடூர், ராஜம்பேட்டை, கடப்பா, அங்கிருந்து எர்ரகுண்ட்லா வழியாக ஜம்மலமடுகு. ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேணிகுண்டாவைத் தாண்டி சேஷாசலக் காட்டுக்குள் போகும் பகுதியில் லாரிகள் அதிகம், ராத்திரியில் முந்திப் போகிற வேலையே வேண்டாம். அதிகாலை கிளம்பி மதியம் சேர்ந்து, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, நடுராத்திரி வீடு திரும்புவது என்று சிலர் செய்கிறார்கள். ஒரு ஆளே பதினாலு மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு அதை ஒரு நாள் சுற்றுலா என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. நேரமும் தப்பு, மோசமான வெயிலில்தான் போய் நிற்பீர்கள்.

சென்னைக்காரர்களுக்கு நான் சொல்வது ரயில். மும்பைக்குப் போகும் வண்டிகள் ரேணிகுண்டா, கடப்பா, எர்ரகுண்ட்லா வழியாகத்தான் போகின்றன. ராத்திரி வண்டியில் ஏறிப் படுத்தால் விடிவதற்கு முன்பே கடப்பாவிலோ எர்ரகுண்ட்லாவிலோ இறங்கிவிடலாம். முத்தனூர் இன்னும் பக்கம், ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்காது, டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கிய இடத்திலிருந்து ஒரு நாள் வாடகைக்குக் கார் முன்கூட்டியே பேசி வைத்துவிடவேண்டும். அந்த நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் ஆள் தேடினால் கேட்கிற காசுதான். ஜம்மலமடுகிலிருந்து கோட்டைக்குப் பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது, ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்களுக்கு அது சரிப்படாது. ஆட்டோ கிடைக்கும். போகிற வாடகையோடு திரும்பி வருவதையும், அங்கே காத்திருப்பதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், அங்கிருந்து திரும்பி வர வண்டி பிடிப்பது லேசில்லை.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இது இன்னும் சுலபம். சிக்கபள்ளாபூர், கதிரி, புலிவெந்துலா, முத்தனூர் வழியாகச் சுமார் 280 கிலோமீட்டர். ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பி விடியலில் சேர்பவர்கள் நிறைய, இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டத் தெரிந்திருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். இல்லையென்றால் முந்தின நாள் சாயங்காலமே வந்து ஜம்மலமடுகு, பொத்துட்டூர், கடப்பா இதில் எங்காவது தங்கிவிடலாம். கோட்டைக்குச் சற்று முன்னால் ஆந்திரச் சுற்றுலாக் கழகத்தின் ஹரிதா ஓட்டலும் இருக்கிறது. இடம் கிடைத்தால் அதை விட வசதி இல்லை, விடிகாலையில் எழுந்து பத்து நிமிஷத்தில் கோட்டைக்குள் இருப்பீர்கள்.

வழியில் ஒன்றைக் கவனியுங்கள். எர்ரகுண்ட்லா, ஜம்மலமடுகு பக்கமெல்லாம் வயலுக்கு வேலி போல நட்டு வைத்திருப்பது பலகைப் பலகையான கல். நம் வீடுகளில் சமையல் மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் போடுகிற கடப்பா கல் இந்த ஊர்களின் சரக்குதான்.

பாறை மேல்

கார் கோட்டை வாசல் வழியாகவே உள்ளே போகும். வாசல் குறுகல், உள்ளேயே ஒரு திருப்பமும் உண்டு, எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கித்தான் ஆகவேண்டும். உள்ளே ஊரைத் தாண்டி, பழைய சிறைச்சாலை, சார்மினார் என்று சொல்லப்படும் கோபுரம் இவற்றின் பக்கம் நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பியுங்கள். மசூதியையும் தானியக் கிடங்கையும் கடந்து போனால் பாதை மெல்ல மெல்ல பாறையாக மாறும். கடைசிப் பகுதியில் பாதை என்று ஒன்றுமில்லை, பெரிய பெரிய பாறைகளுக்கு நடுவே கையும் காலும் வைத்து ஏறி இறங்கவேண்டும். அம்புக்குறி இல்லை, முன்னே போகிறவர்களைப் பார்த்துப் போகவேண்டியதுதான்.

அங்கே கம்பித் தடுப்பு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். பாறை விளிம்பு, அதற்கப்புறம் காற்று. நல்ல பிடிப்புள்ள ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். விளிம்பில் காலைத் தொங்கவிட்டுப் படம் எடுத்தால்தான் கணக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: இரண்டடி பின்னால் உட்கார்ந்து, எடுக்கிறவர் சற்றுப் பக்கவாட்டில் போனாலே படத்தில் விளிம்பில் இருப்பது போலத்தான் தெரியும். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கையை விடாதீர்கள். முட்டி வலி உள்ள பெரியவர்கள் கடைசிப் பாறைக் குவியல் வரை வரத் தேவையில்லை. அதற்கு முன்பே சமதரையான பாறைகளிலிருந்து பள்ளத்தாக்கு ஓரளவு தெரியும், அங்கேயே ஒரு துண்டை விரித்து உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மாற்றி மாற்றிப் போய் வரலாம்.

விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரம்தான் முக்கியம். சூரியன் தாழ இருக்கும்போது வெளிச்சம் சுவர்களில் சாய்வாக விழும், ஒவ்வொரு பாறை அடுக்கும் தன் நிழலோடு தனித்தனியாகத் தெரியும். உச்சி வெயிலில் அந்த நிழல்கள் போய்விடும், எல்லாம் வெளுத்துத் தட்டையாகிவிடும். போட்டோ எடுக்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி, எடுக்காதவர்களுக்கும் கண்ணுக்கு அதே வித்தியாசம்தான்.

உட்கார்ந்திருக்கும்போது பாறையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நிறையப் பேர் இதைச் சிவப்பு கிரானைட் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கிரானைட் இப்படிப் படுக்கை படுக்கையாக இருக்காது. இது குவார்ட்சைட், அதாவது ஒரு காலத்தில் நீருக்கடியில் படிந்த மணல், இறுகி இறுகிக் கல்லானது. டைனோசர்களுக்கெல்லாம் பல கோடி ஆண்டு மூத்தது. படிவு அடுக்குகள் கிடைமட்டமாகவும், வெடிப்புகள் செங்குத்தாகவும் ஓடுவதால்தான் அந்தச் சுவர்கள் யாரோ பெரிய பெரிய பெட்டிகளை அடுக்கி வைத்தது போல இருக்கின்றன. இந்தக் கல் தண்ணீரில் கரையாது, தேய்வதும் மிக மெதுவாகத்தான். கீழே ஆற்றுத் தண்ணீர் அரித்துக்கொண்டே போக, மேலே வெடிப்பு வழியாக ஒவ்வொரு கட்டியாகக் கழன்று விழும். அதனால்தான் சுவர் சரிவாக இல்லாமல் நிமிர்ந்தே நிற்கிறது. நீங்கள் ஏறி வந்த அந்தப் பாறைக் குவியலும் அப்படிக் கழன்ற கட்டிகள்தான்.

ஆற்றில் இறங்கலாமா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. இறங்குவதற்குச் சில இடங்களில் தடம் இருக்கிறது, உள்ளூர் ஆள் இல்லாமல் போகாதீர்கள். குளிப்பது வேண்டவே வேண்டாம், தேங்கிய தண்ணீர், ஆழம் தெரியாது. படகு, கயாக் என்று யாராவது கூப்பிட்டால் முதலில் லைஃப் ஜாக்கெட்டைப் பாருங்கள், அப்புறம் விலையைக் கேளுங்கள்.

கோட்டைக்குள்

ஒன்பது மணி வாக்கில் வெயில் உறைக்க ஆரம்பிக்கும்போது பாறையிலிருந்து இறங்கிக் கோட்டைப் பக்கம் வந்துவிடுங்கள். வந்தவர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இந்தப் பள்ளத்தாக்கு இல்லாவிட்டால் இங்கே ஒரு கோட்டையே வந்திருக்காது. ஒரு பக்கம் முழுக்க ஆறே அகழி வெட்டிக் கொடுத்திருக்கிறது, சுவரைப் பலப்படுத்த வேண்டியது மற்ற பக்கங்களில்தான்.

மேலைச் சாளுக்கியருக்கு அடங்கிய ஒரு சிற்றரசர் 1123-இல் முதலில் கட்டியதாகச் சொல்வார்கள். இப்போது பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குப் பிந்தியது. விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்டு இங்கே ஆண்ட பெம்மசானி நாயக்கர்கள் காலத்தில்தான் கோட்டை பெரிதானது. 1650-இல் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா இதைப் பிடித்தார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1652-இல், பிரெஞ்சு ரத்தின வியாபாரி தாவர்னியே இங்கே வந்து மீர் ஜும்லாவைப் பார்த்திருக்கிறார். பாதையின் கடினத்தையும் கோட்டையின் பலத்தையும் விவரமாக எழுதி வைத்திருப்பவர் அவர். கோட்டை கைமாறிய பின் பெம்மசானி குடும்பத்தில் ஒரு கிளை தெற்கே வந்தது என்றும், திருநெல்வேலிச் சீமையின் குருவிகுளம் ஜமீன் அவர்கள் வழிதான் என்றும் சொல்வார்கள், கரிசல்காட்டுக்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

மாதவராயர் கோயிலைத் தவறவிடாதீர்கள். செந்நிறக் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். விஜயநகரப் பாணி, மண்டபத் தூண்களில் நுணுக்கமான வேலை. கருவறையில் வழிபாடு இல்லை, அதனால் கூட்டமும் இல்லை, நிழலான தூண்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். ரங்கநாதர் கோயில் இன்னும் சிதைந்தது, ஒரு நடை பார்த்தால் போதும். ஜாமியா மசூதியும், அதன் பக்கத்தில் வளைவுக் கூரை போட்ட தானியக் கிடங்கும் சேர்த்து அரை மணி நேரம். கிடங்கின் அளவைப் பார்த்தாலே முற்றுகைக்கு எப்படித் தயாராக இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடுவது தப்பு. சுவரில் பெயர் எழுதுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

உச்சி வெயிலுக்கு பேலம்

பதினொன்றிலிருந்து மூன்றரை வரை என்ன செய்வது? இரண்டு வழி. ஒன்று, ஜம்மலமடுகு பக்கம் வந்து சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ராத்திரி வண்டியில் வந்தவர்களுக்கு இதுதான் சரி. இரண்டாவது, சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேலம் குகைகள்.

போவதென்றால் ஒரு எச்சரிக்கையோடு போங்கள்: குகை என்றதும் சில்லென்று இருக்கும் என்று நினைப்பவர்கள் உள்ளே போனதும் முழிப்பார்கள். புழுக்கம், சட்டை நனைந்துவிடும். மூச்சுத் திணறல் உள்ளவர்களும், இடுக்கில் நுழையப் பயப்படுபவர்களும் முதல் பெரிய அறைகளோடு திரும்பிவிடலாம். மற்றபடி அருமையான இடம். மொத்தம் 3,229 மீட்டர் நீளம் அளந்திருக்கிறார்கள், நாம் நடக்க முடிவது அதில் ஏறக்குறைய பாதி. 1884-இல் இதைப் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-இல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தவரும் அவரேதான். அப்புறம் 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மன் குகை ஆய்வாளர்கள் உள்ளே போய் வரைபடம் போட்டார்கள். பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 2002-இல்.

காலையில் பார்த்ததோடு சேர்த்துப் பார்த்தால் இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பேலம் இருப்பது சுண்ணாம்புக் கல்லில், அதாவது வழியில் பார்த்தோமே, அந்தக் கடப்பா கல்லின் வகையறா. இது தண்ணீரில் கரையும். அதனால் இங்கே தண்ணீர் உள்ளே புகுந்து வளைந்து நெளிந்து சுரங்கம் போட்டிருக்கிறது, வழவழப்பான சுவர்களில் அதன் தடம் அப்படியே இருக்கிறது. கண்டிகோட்டாவில் கரையாத கல், அதனால் திறந்த வெட்டு. ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பது இந்தப் பக்கத்தில் கிடைக்கிற நல்ல வாய்ப்பு.

குகை பத்து மணிக்குத்தான் திறக்கும். பதினொன்றுக்குக் கோட்டையை விட்டால் பன்னிரண்டரைக்குள் சேரலாம், ஒன்றரை மணி நேரம் உள்ளே, நாலு மணிக்குத் திரும்ப பாறைக்கு வந்துவிடலாம். நெருக்கமான கணக்குதான். சின்னக் குழந்தைகளோடு வருபவர்கள் பேலத்தை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடும் சில்லறையும்

கோட்டைக்குள் பெட்டிக்கடைகளில் டீ, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் கிடைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஹரிதாவில் சாப்பாடு உண்டு, போனதுமே எத்தனை பேர் என்று சொல்லிவைத்தால் நல்லது. என் ஓட்டு ஊர்ப்பக்கம் மெஸ்களுக்கு. காலையில் கடப்பா காரதோசை, சிவப்பு மிளகாய்க் காரத்தை உள்ளே தடவித் தருவார்கள். மதியம் ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும் கிடைத்தால் விடாதீர்கள், களி சாப்பிட்டு வளர்ந்த சேலம், தருமபுரிக்காரர்களுக்கு சங்கட்டி புதிதாக இருக்காது. காரம் மட்டும் நிஜமாகவே காரம், குழந்தைகளுக்குத் தயிர் சாதம் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, கையில் கொஞ்சம் ரொக்கம். சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், அதனால் போனில் பணம் அனுப்பலாம் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள், மேப்பையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம், பெட்ரோல், மருந்துக்கடை எல்லாம் ஜம்மலமடுகோடு சரி. கழிப்பறை விஷயத்தில் கோட்டையை நம்பாமல், வருகிற வழியிலேயோ ஹரிதாவிலேயோ முடித்துக்கொண்டு வருவது, குறிப்பாகப் பெண்களுக்கு, நிம்மதி.

சாயங்காலம்

நாலு மணிக்குத் திரும்ப அதே பாறை. காலையில் நிழலில் இருந்த பாகங்கள் இப்போது வெளிச்சத்தில் இருக்கும், அதனால் பார்த்ததையே பார்க்கிறோம் என்ற அலுப்பு வராது. காலையில் கூட்டம் இருந்த இடத்தை விட்டுவிட்டு, விளிம்பை ஒட்டியே கொஞ்ச தூரம் கோட்டைச் சுவர்ப் பக்கமாக நடந்து வேறொரு பாறையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பத்து நிமிஷ நடையில் ஆற்றின் வளைவு வேறு மாதிரி தெரியும். சூரியன் மறைந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்கத் தோன்றும், ஆனால் அந்தப் பாறைகளில் இருட்டில் இறங்குவது ஆபத்து. மறைவதற்குக் கால் மணி முன்பே எழுந்து, மீதியைச் சமதரையில் நின்று பாருங்கள். போன் வெளிச்சத்தை நம்பாமல் ஆளுக்கொரு டார்ச் இருக்கட்டும்.

ரயிலில் வந்தவர்கள் திரும்பும் டிக்கெட்டை இரவு ஒன்பது மணிக்குப் பிந்திய வண்டியில் போடுங்கள், கோட்டையிலிருந்து எர்ரகுண்ட்லாவோ கடப்பாவோ போய்ச் சேர்ந்து இரவுச் சாப்பாட்டுக்கும் நேரம் வேண்டும். காரில் வந்தவர்கள் ஜம்மலமடுகிலேயே டீசல் நிரப்பிக்கொண்டு, கடப்பா வரை மாடுகளையும் விளக்கில்லாத டிராக்டர்களையும் பார்த்து மெதுவாகப் போங்கள். தூக்கம் வந்தால் கடப்பாவிலேயே ஒரு அறை எடுத்துப் படுத்துவிட்டு மறுநாள் காலையில் கிளம்புங்கள். அப்படித் தங்க நேர்ந்தால் திரும்பும் வழியில், ராஜம்பேட்டைக்கு முன்னால், ஒண்டிமிட்டா கோதண்டராமர் கோயில் சாலையோரத்திலேயே இருக்கிறது, ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.